லாரி நின்ற இடத்தில் ஏன் நடுங்குகிறது?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன், அன்னூர்)



எங்கள் ஊர் அன்னூர். கோவை – சத்தியமங்கலம் ரோடும், அவிநாசி – மேட்டுப்பாளையம் ரோடும் வெட்டிக்கொள்ளும் ஊர். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிழங்கு ஏற்றி வரும் லாரி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்த லாரி என்று இரவும் பகலும் வண்டிகள் போய்க்கிட்டே இருக்கும். டீக்கடை முன்னால் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தியிருக்கும் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். ஒரு வண்டி சாந்தமாக நிற்கும். பக்கத்து வண்டி குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கும். கேபின் ஆடும், கதவுக் கண்ணாடி கிடுகிடுக்கும். அதே வண்டி கிளம்பி வேகம் எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லாத மாதிரி ஓடும்!

இதைப் பாடப்புத்தகம் 'ரஃப் ஐடிலிங்' என்கிறது. பட்டறையில் 'ஸ்லோவில் மிஸ் அடிக்குது' என்பார்கள். அஞ்சாறு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் பல இடங்களில் உடனே வரும் தீர்ப்பு ஒன்றுதான்: "வண்டி ஓடி முடிஞ்சுதுங்க, எஞ்சினை இறக்கணும்." இந்தத் தீர்ப்பு சரியா, தப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் இது முக்கியம்? நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று நம் கொங்கு நாடே லாரித் தொழிலுக்குப் பேர் போனது. பெரிய கம்பெனிகளைத் தவிர, ஒரே ஒரு லாரியை ஃபைனான்ஸில் வாங்கித் தானே ஓட்டும் ஆட்களும் ஏராளம். எஞ்சினை இறக்கினால் வண்டி நாள் கணக்கில் நிற்கும். லோடு இல்லை, வாடகை இல்லை. ஆனால் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். தேவையில்லாமல் இறக்கிய எஞ்சின் ஒரு குடும்பத்தையே இறக்கிவிடும் நண்பர்களே!

முதலில் கொஞ்சம் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு நம் ரோடுகளில் பல வருஷம் கோலோச்சிய டாடா 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அப்போது டெல்கோ என்று பெயர் கொண்ட அந்த நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. அந்த பென்ஸ் குடும்பத்து வாரிசுதான் 697. ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், அதனால்தான் 697 என்று பெயர். ஸ்ட்ரோக் 128 மி.மீ. கால்குலேட்டர் எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒரு சிலிண்டர் 946 சி.சி., ஆறும் சேர்ந்து 5,675 சி.சி. வரும்.

ஐடிலிங்கில் எஞ்சின் நிமிஷத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். ஆக ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 300 முறை, விநாடிக்கு 5 முறை. ஆறும் சேர்ந்து விநாடிக்கு 30 வெடிப்பு. இதில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் விநாடிக்கு 5 முறை ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் நம் காலுக்கும் கைக்கும் நடுக்கமாகத் தெரிகிறது. 2,400 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 120 வெடிப்பு. ஃபிளைவீலும் வேகத்தில் இருக்கிறது. ஒரு வெடிப்பு விட்டுப்போனால் மற்றவை இழுத்துக்கொண்டு போய்விடும். கிளம்பியதும் நோய் ஒளிந்துகொள்ளும் ரகசியம் இதுதான்.

இன்னொரு கணக்கு டீசல் அளவு பற்றியது. ஃபுல் லோடில் ஒரு சிலிண்டருக்கு ஒருமுறைக்கு 60 கன மி.மீ. டீசலும், ஐடிலிங்கில் 10 கன மி.மீ. டீசலும் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு சொட்டு என்பதே சுமார் 50 கன மி.மீ. அப்படியானால் ஐடிலிங்கில் போவது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்! ஒரு நாசில் 4 கன மி.மீ. குறைவாகக் கொடுத்தால், ஃபுல் லோடில் அது 7 சதவீதம்கூட இல்லை. ஐடிலிங்கில் அதே குறை 40 சதவீதம்.

கம்ப்ரஷனுக்கும் இதே கதைதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 16-ல் ஒரு பங்காகவோ இன்னும் குறுகலாகவோ அழுத்தும்போது 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. 2,400 சுற்றில் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் நடக்கும் நேரத்தைப்போல 600 சுற்றில் நான்கு மடங்கு நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ காற்று கசியலாம், சூடும் சுவருக்குள் போகலாம். ஆகவே எந்தச் சின்னக் குறையையும் முதலில் காட்டிக்கொடுப்பது ஐடிலிங்தான்.

பழசு வேறு, ஏற்றத்தாழ்வு வேறு

ஆறு பேர் சப்பரம் தூக்குகிறார்கள். ஆறு பேருக்கும் வயதாகிவிட்டது என்றால் சப்பரம் மெதுவாகப் போகும், ஆனால் ஆடாது. ஐந்து பேர் தூக்கி ஒருவர் மட்டும் தோள் கொடுக்காமல் நடந்தால்தான் சப்பரம் குலுங்கும்.

எஞ்சினும் அப்படித்தான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடினால் ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேயும். அந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆயில் குடிக்கும், மேட்டில் இழுக்காது. ஆனால் சூடான பிறகு ஐடிலிங் ஓரளவு சமமாகவே இருக்கும். நடுங்குகிறது என்றால் சிலிண்டர்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே நாம் கேட்கவேண்டிய கேள்வி "எஞ்சின் போச்சா?" என்பது இல்லை. "ஆறில் எது, ஏன்?" என்பதுதான் கேள்வி.

நடுக்கத்திலும் மூன்று வகை

கையில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன் இந்த மூன்றில் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று: 'டக் டக் டக்' என்ற ஓட்டத்தில் தாளம் தப்பாமல் ஒரு வெடிப்பு மட்டும் விட்டு விட்டுப் போவது. இது ஒரு சிலிண்டர் விவகாரம்.

இரண்டு: எஞ்சின் வேகம் தானாக ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடுவது. இதற்கு 'ஹண்டிங்' என்று பெயர். டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம், பம்பின் ராக் ஒட்டிக்கொண்டு நகரலாம், கவர்னரின் ஸ்பிரிங்கோ பின்னோ தேய்ந்திருக்கலாம்.

மூன்று: எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருக்கும், ஆனால் கேபின் மட்டும் அதிரும். மவுண்டிங் ரப்பர் உட்கார்ந்திருக்கும், ஃபேன் இறக்கை உடைந்திருக்கும், அல்லது ஐடிலிங் வேகமே அளவுக்குக் கீழே இருக்கும். இதற்குப் போய் எஞ்சினைத் திறப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

டிரைவரிடம் கேளுங்கள்

டாக்டர் ஊசி போடுவதற்கு முன் கேள்வி கேட்கிறார் இல்லையா? நாமும் கேட்கவேண்டும். திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா? காலையில் மட்டும் வந்து சூடானதும் போகிறதா, சூடான பிறகுதான் வருகிறதா? இது வருவதற்கு முன்னால் என்ன நடந்தது: புது இடத்தில் டீசல் அடித்தீர்களா, ஃபில்டர் மாற்றினீர்களா, பம்ப் வேலை செய்தீர்களா?

ஒவ்வொரு பதிலும் ஒரு துப்பு. ஃபில்டர் மாற்றிய மறுநாள் வந்த நடுக்கம் என்றால் முதலில் காற்றைத் தேடுங்கள். மார்கழிக் காலையில் பத்து நிமிஷம் நடுங்கி, வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகிவிட்டால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு, நாசில் ஒழுகல், அல்லது டைமிங் பின்தங்கல் என்று யோசிக்கலாம். சூடான பிறகு மோசமாகிறது என்றால் பம்பின் எலிமென்டைச் சந்தேகிக்கலாம். சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த பிளஞ்சரின் பக்கவாட்டில் கசிந்துவிடும்.

பிறகு டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருக்கிறதா? முகர்ந்தால் டீசல் வாசம் அடிக்கிறதா? அப்படியானால் எரியாத டீசல் எங்கிருந்தோ கீழே இறங்குகிறது. அந்த ஆயிலோடு வண்டி ஓட்டினால் பேரிங் போய்விடும்.

புகையின் நிறமும் பேசும். கண் எரியும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமலே வெளியே வருகிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து, எஞ்சின் சூடான பிறகும் நீராவி மாதிரி வெள்ளையாக வந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் திரும்புங்கள்.

டீசல் வரும் வழி

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உறிஞ்சும் பகுதி. இங்கே ஒரு பான்ஜோ வாஷர் தேய்ந்திருந்தாலோ, ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியே பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும், ஏமாந்துவிடுவோம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் டீசல் ஹோஸை மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழ் ஓடினால் திருடன் அகப்பட்டான்!

ஃபில்டரை வடித்துத் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஹேண்ட் பம்பை அடித்து, குமிழ் நிற்கும்வரை காற்றை எடுத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இதுவரை ஆன செலவு வாஷர் காசு மட்டும்தான்.

எந்த சிலிண்டர்? பைப் லூஸ் டெஸ்ட்

இது பழைய மெக்கானிக்குகளின் பிரம்மாஸ்திரம். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் பைப் நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தவேண்டும். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நன்றாக வேலை செய்த சிலிண்டர் என்றால் எஞ்சின் ஓட்டம் உடனே இறங்கி, நடுக்கம் கூடும். ஏற்கெனவே படுத்துவிட்ட சிலிண்டர் என்றால் ஒரு மாற்றமும் தெரியாது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகவேண்டும். ஆறும் முடிவதற்குள் ஆள் தெரிந்துவிடும்.

கவனம் நண்பர்களே! வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, திறந்த இடத்தில் இருக்கவேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நட்டைச் சுற்றித் துணி இருக்கட்டும். சூடான மேனிஃபோல்டில் டீசல் சிந்தினால் தீப்பிடிக்கும். பீய்ச்சும் டீசலுக்கு நேராகக் கையைக் காட்டவே கூடாது. அழுத்தத்தோடு வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசிக்குத்து மாதிரித்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் அது மருந்து தடவுகிற காயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய அவசரம்.

பைப்பைத் தொடாமலும் ஒரு வழி உண்டு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிஷத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஆறு கிளைகளையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து பாருங்கள். சூடேறாத கிளைக்குப் பின்னால் வேலை செய்யாத சிலிண்டர் இருக்கும்.

நாசிலை இடம் மாற்றுவது

சிலிண்டர் தெரிந்துவிட்டது. ஏன் என்பது இன்னும் தெரியாது. இங்கேதான் ஒரு எளிய தந்திரம். சந்தேகப்பட்ட சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றி நல்ல சிலிண்டரில் போடுங்கள், நல்லதை இங்கே போடுங்கள். காப்பர் வாஷர் இரண்டுக்கும் புதுசு. நடுக்கம் இன்ஜெக்டரோடு கூடவே இடம் மாறினால் குற்றவாளி நாசில். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் நாசில் நிரபராதி. பம்ப், வால்வு, ரிங் இவற்றில் ஒன்று.

என் மாமாவின் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுடன் பிறந்தவர். சொந்தமாக ஒரே ஒரு பழைய லாரி, கடனில் வாங்கியது. வண்டி நின்றால் நடுங்க ஆரம்பித்தது. மெயின் ரோட்டில் ஒரு பட்டறையில் காட்டினார். அவர்கள் ஆயில் மூடியைத் திறந்தார்கள், ஆவி வந்தது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குதுங்க, ரிங் போச்சு, எஞ்சினை இறக்கிரலாம்" என்றார்கள். ஒரு டெஸ்டும் செய்யவில்லை. அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அத்தை நகையை எடுத்து வைத்துவிட்டார்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. வேறொரு ஊரில் பம்ப் வேலை பார்க்கும் வயசானவர் ஒருத்தரிடம் வண்டியைக் கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். அவர் ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் சத்தத்தை மட்டும் கேட்டார். "ஏனுங்ணா, எஞ்சின் இறக்கணும்ங்கறாங்க" என்றார் மாமா. "இருப்பா, யாரு தூங்கறான்னு மொதல்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். நாலாவதில் ஒரு மாற்றமும் இல்லை. நாலையும் ரெண்டையும் இடம் மாற்றிப் போட்டார். இப்போது ரெண்டு படுத்துக்கொண்டது, நாலு எழுந்துகொண்டது! ஒரு நாசிலும் வாஷரும் மாற்றி, பிரஷர் செட் செய்து, பொழுது சாய்வதற்குள் வண்டி லோடு ஏற்றப் போய்விட்டது. நகை பெட்டிக்குத் திரும்பியது.

ஆவி வந்தது பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. அந்த எஞ்சினில் ரிங் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. கொஞ்சம் ஆவி எல்லா எஞ்சினிலும் வரும், பழைய எஞ்சினில் கூடவே வரும். ஆனால் நடுக்கத்துக்குக் காரணம் அது இல்லை. கண்ணில் பட்ட முதல் குறையையே நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டியதுதான் தவறு.

நாசிலை டெஸ்டரில் போட்டு மூன்று விஷயம் பார்க்கவேண்டும். மேனுவலில் சொன்ன பிரஷரில் திறக்கிறதா? பழைய லைன் பம்ப் எஞ்சின்களில் இது சுமார் 200 பார் அளவில் இருக்கும். அந்த பிரஷருக்குச் சற்றுக் கீழே நிறுத்தினால் முனை நனையாமல் காய்ந்து இருக்கிறதா? தூறல் மாதிரி மெல்லிய பனியாக வருகிறதா, அல்லது குழாய்த் தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா?

டேப்பெட்டும் கம்ப்ரஷனும்

நாசில் நிரபராதி என்றால் அடுத்தது டேப்பெட். வால்வு சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே போகும். கடைசியில் வால்வு முழுசாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். ஃபீலர் கேஜ் வைத்து மேனுவல் சொன்ன அளவுக்கு செட் செய்வதற்கு அரை நாள் போதும்.

பரீட்சைக்கும் உதவும் ஒரு குறிப்பு: ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. இதில் 1-ம் 6-ம் ஜோடி, 5-ம் 2-ம் ஜோடி, 3-ம் 4-ம் ஜோடி. 6-வது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூட ஒன்று திறக்க அசையும் நேரத்தில் 1-வது சிலிண்டரை செட் செய்யலாம். மற்ற ஜோடிகளுக்கும் இதே முறை.

அதற்கும் அடங்கவில்லை என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக இருக்கவேண்டும், பேட்டரி நன்றாக சார்ஜ் ஏறியிருக்கவேண்டும், டீசலை நிறுத்திவிட்டு இன்ஜெக்டர் துளையில் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரில் சுற்றவேண்டும். ஆறு எண்களையும் எழுதுங்கள். ஆறும் மேனுவல் அளவுக்குக் கீழே, ஆனால் சமமாக இருந்தால் எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். ஒன்று மட்டும் கீழே என்றால் வால்வோ ரிங்கோ. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு சேர்ந்து கீழே என்றால் இரண்டுக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

வால்வா, ரிங்கா? அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, எஞ்சின் சுற்றாமல் ஃபிளைவீலைப் பூட்டி, இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுங்கள். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் 'உஸ்' என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் கேட்டால் ரிங் அல்லது லைனர். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். வால்வு என்று தெரிந்தால் ஹெட்டை மட்டும் எடுத்தால் போதும். ரிங் என்று தெரிந்த பிறகுதான் "எஞ்சினை இறக்கணும்" என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

கடைசியாக பம்ப்

நாசில் சரி, டேப்பெட் சரி, கம்ப்ரஷன் சரி, ஆனாலும் அதே சிலிண்டர் படுக்கிறது என்றால் மிச்சம் பம்ப்தான். 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ நிறுவனம் செய்த பம்புகளை நம் டிரைவர்கள் 'மைக்கோ பம்ப்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று மாறியது. லைன் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமென்ட், ஒரு டெலிவரி வால்வு. டெலிவரி வால்வின் ஸ்பிரிங் ஒடிந்தாலோ, எலிமென்ட் தேய்ந்தாலோ அந்த ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடக்கும்.

பம்பை வண்டியில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகக்கூடாது. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு கண்ணாடிக் குழாய்களில் விழும் டீசலை அளந்துதான் சமப்படுத்தவேண்டும். ஃபுல் லோடில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் போதாது. ஐடிலிங் நிலையிலும் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று 10 கன மி.மீ. கணக்கிலேயே பார்த்துவிட்டோம்.

புது வண்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை

2020 ஏப்ரல் முதல் பதிவாகும் புது லாரிகள் பிஎஸ்-6 ரகம். இவற்றில் காமன் ரெயில் முறை. ரெயிலில் அழுத்தம் 1,600 பாரும் அதற்கு மேலும் போகும். லாரி டயரில் இருப்பது சுமார் 8 பார்தான், அதைப்போல 200 மடங்கு! இந்த எஞ்சினில் பைப் லூஸ் டெஸ்ட் செய்யவே கூடாது. உயிருக்கு ஆபத்து.

இங்கே ஸ்கேனர்தான் நம் காது. கம்ப்யூட்டரே ஒவ்வொரு சிலிண்டரின் வேகத்தையும் கவனித்து, சோம்பேறி சிலிண்டருக்கு டீசலைக் கூட்டி, மற்றதுக்குக் குறைத்து, நடுக்கத்தை மறைத்து வைத்திருக்கும். ஸ்கேனரில் அந்தத் திருத்த அளவைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியும். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவதும் ஒரு வழி. ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலும் நடுங்கும். கருவி மாறிவிட்டது. "ஆறில் எது, ஏன்?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

பட்டறைச் சொல்லும் பாடச் சொல்லும்

பாடத்தில் படிப்பதும் பட்டறையில் கேட்பதும் ஒன்றுதான் என்று தெரியாமல் வைவாவில் நம்மில் பலர் முழிக்கிறோம். இதோ ஒரு சின்ன அகராதி:

பேக் கம்ப்ரஷன் – புளோ பை
மிஸ் அடிப்பது – மிஸ் ஃபயரிங்
பைப் லூஸ் டெஸ்ட் – சிலிண்டர் கட் அவுட் டெஸ்ட்
காற்று எடுப்பது – பிளீடிங்
பம்ப் செட்டிங் – கேலிபரேஷன்
ஸ்லோ – ஐடிலிங்

முடிவாக

செலவில்லாத டெஸ்ட் முதலில், செலவு பிடிக்கும் டெஸ்ட் கடைசியில். கேள்வி, டிப் ஸ்டிக், புகை, டீசல் லைன், பைப் லூஸ், நாசில் இடம் மாற்றம், டேப்பெட், கம்ப்ரஷன், பம்ப். இந்த வரிசையை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய லாரி வாங்கப் போகிற சொந்தக்காரர் கூப்பிட்டால் கூடப் போங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றிவைத்து நடுக்கத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு. மேனுவல் சொன்ன வேகத்துக்கு இறக்கச் சொல்லி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கேளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்க வந்த முதல் ஆள் நான். இப்போதே வண்டியில் ஏதாவது என்றால், "படிக்கற பையன், நீ சொல்லு கண்ணு" என்கிறார் மாமா. நாம் டிப்ளமோ வாங்கி வெளியே போனதும் இன்னும் பல பேர் இப்படிக் கேட்பார்கள். நாம் சொல்வதை நம்பி நகையை எடுத்து வைப்பார்கள். "எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லவேண்டிய நாளும் ஒருநாள் வரும், சில எஞ்சினை இறக்கித்தான் ஆகவேண்டும். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களும் நம் கையில் எழுதியிருக்கட்டும் நண்பர்களே!